'நீ பாத்தியா?' என்று கேட்கிறவள்

அவளிடம் எதையும் லேசில் சொல்லிவிட முடியாது. மழை வருகிறது என்றால் ஜன்னலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்ப்பாள். கேண்டீனில் இன்றைக்கு முட்டை இல்லையாம் என்றால், தலையைக் கொஞ்சம் சாய்த்து, "நீ பாத்தியா? இல்ல, சொன்னாங்களா?" என்பாள். சொன்னார்கள் என்றால் தட்டை எடுத்துக்கொண்டு தானே போவாள். முட்டை இருக்காது. இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த திருப்தியோடு வெறும் சோற்றையும் சாம்பாரையும் சாப்பிடுவாள். இது என்ன ஜென்மமோ என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. வில்லியனூருக்கு அப்பால் ஒரு மாதா கோயில் ஊர் அவளுடையது. அந்த ஊரில் அந்தப் பேரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் நின்று அந்தப் பேரைக் கத்தினால், யார் கிட்டத்தில் நிற்கிறாளோ அவள்தான் முதலில் திரும்புவாள். நமக்கு வேண்டியவள் திரும்புவாள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

நான் பாகூர் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் திருபுவனையில், பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தோம். ஒரே வயது. ஒரே நாளில்தான் சேர்ந்தோம். மூடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற புரோகிராம் லினக்ஸ் மெஷின்களில் ஓடும். அந்த மெஷின்களில் மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரை, அதில் நாம் தட்டுகிற எழுத்து, அவ்வளவுதான். எனக்கு அந்தத் திரையைக் கண்டால் எரிச்சல். அவளுக்கு அதுதான் பிடிக்கும். "இது சும்மா எதையும் சொல்லாதுடி. கேட்டா மட்டும் சொல்லும்" என்பாள்.

ஒரு தடவை புது லேபிள் புரோகிராமை நான்தான் ஏற்றினேன். அடித்துப் பார்த்தால் லேபிள் பழைய மாதிரியே வருகிறது. மறுபடி ஏற்றினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். ஊர் அம்மனை வேண்டிக்கொண்டும் பார்த்தேன். லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. சூப்பர்வைசர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னாம்மா, இன்னாம்மா" என்று அரிக்கிறார்.

"எது ஓடுது?" என்றாள் அவள், தன் நாற்காலியில் இருந்தபடியே.

"இது இன்னாடி கேள்வி? புதுசுதான். இப்பதான வெச்சேன்?"

"வெச்சது சரிடி. ஓடறது எது? நீ பாத்தியா?"

வந்து உட்கார்ந்தாள். 'விச்' என்று தட்டி, புரோகிராமின் பேரைத் தட்டினாள். எந்த ஃபோல்டரில் இருக்கிற புரோகிராம் ஓடுகிறது என்று மெஷின் ஒரு வரியில் சொன்னது. நான் வைத்த ஃபோல்டர் இல்லை அது. பேரைத் தட்டினால் மெஷின் ஊர் முழுக்கத் தேடாது. அதற்கென்று எழுதி வைத்த சில ஃபோல்டர்களை வரிசையாக எட்டிப் பார்க்கும். அந்தப் பேரில் முதலில் எது கிடைக்கிறதோ அதை ஓட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். பழையது வரிசையில் முந்தி இருந்தது. திருவிழாவில் முதலில் திரும்புகிறவள் கதைதான்.

பழையதைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. அவள் விடவில்லை. அதே பேரில் இன்னும் எங்கெங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் காட்டு என்று கேட்டாள். மூன்றாவதாக ஒன்று எங்கோ கிடந்தது. "மொதல்ல கெடச்சதோட நின்னுடக் கூடாதுடி" என்றாள். லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு சாத்து சாத்தவும் தோன்றியது.

அவள் ஏன் இப்படி என்று தெரிந்த பிறகு நான் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு விடவில்லை. குறைத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு தம்பி. வீட்டில் சின்னு என்று கூப்பிடுவார்கள். பாலிடெக்னிக்கில் பேப்பர்கள் போனதை மறைத்து வைத்திருந்தான். எவனோ அவள் அப்பாவின் காதில் போட்டுவிட்டான், அதுவும் தேர்ப் பவனி அன்றைக்கு. மாதா தேரைத் தூக்க ஆட்கள் தோள் கொடுத்து நிற்கிற இடத்தில், ஊர் முழுக்கப் பார்க்க, அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவர்கள் வீட்டை ஒட்டி ரோட்டோரத்தில் ஒரு மாதா கெபி இருக்கிறது. கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டி, உள்ளே மாதா சுரூபம் வைத்தது. இவள் அங்கேதான் தேருக்காக நின்றிருந்தாள். அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்து, "அக்கா, இங்கயே நில்லு. தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தேர் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

போலீஸில் சொன்னார்கள். சர்ச் பூசையில் சொன்னார்கள். போன் அணைந்தது அணைந்ததுதான். அவனுக்கு அவள் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. யாருக்குத்தான் யார் நம்பர் தெரிகிறது? இவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இங்கேயே நில் என்று சொல்லியிருக்கிறான், அதனால் வந்தால் இங்கேதான் வருவான். ஒவ்வொரு வருஷமும் தேர் அன்றைக்குக் கெபிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் போய் நிற்பாள். நானும் ஒரு வருஷம் கூட நின்றேன். தேர் வந்தது, பூ தூவினார்கள், பேண்டு வாசித்தார்கள். அவள் மாதாவைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஜ்ஜி வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

அவனைப் பார்த்தேன் என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். சேதராப்பட்டில் ஷிப்ட் விட்டு வருகிற கூட்டத்தில் பார்த்தேன் என்றான் ஒருவன். இரண்டு பேரும் என் ஸ்கூட்டியில் போய், அந்த கம்பெனி கேட்டில் நின்று, வெளியே வந்த ஒவ்வொருவனையும் பார்த்தோம். பையன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். இன்னொருத்தர் பிள்ளைச்சாவடியில் போட் இன்ஜின் ரிப்பேர் செய்கிறான் என்றார். அங்கேயும் போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போனில் இருந்த போட்டோவைக் காட்டினாள்.

"இருந்தான்மா. இங்கதான் இன்ஜின் வேல பாத்துகினு இருந்தான். பூட்டான்."

"நீங்களே பாத்தீங்களா?"

"இன்னாம்மா இப்பிடி கேக்கற? ஒரே தட்டுல சோறு துன்னுகினு இருந்தோம். எங்க போறேன்னு சொல்லல. காசு பாக்கி வெக்காம போனான், நல்ல புள்ள."

திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் பாட்டுப் பாடினாள். அவள் பாடி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். ஆள் கிடைக்கவில்லையே, இதற்கு என்ன பாட்டு என்றேன். "பாத்தவர பாத்துட்டேன் இல்ல" என்றாள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஆபீஸில் அவளுக்கு ஒரு அவமானம் நடந்தது. பழைய லேபிள் புரோகிராம் ஒன்று வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். இவள் அவசரத்தில் 'லொகேட்' போட்டுப் பார்த்தாள். அது கண் மூடித் திறப்பதற்குள் இடத்தைச் சொல்லிவிட்டது. "இருக்குது சார்" என்று போனில் அடித்துச் சொன்னாள். மேனேஜர் ஆட்களோடு வந்து நிற்கிறார், திறந்தால் ஃபைல் இல்லை. லொகேட் அப்போதைக்கு அப்போது தேடுவதில்லை. தினம் ஒரு நேரத்தில் மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளும், கேட்டால் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சொல்லும். அன்றைக்குக் காலையில்தான் இடம் பற்றவில்லை என்று பழைய ஃபைல்களை அழித்திருந்தோம். இந்தப் பொம்பளைங்களே இப்படித்தான் என்கிற மாதிரி ஒருவர் சிரித்தார். நான் அவரிடம் எகிறினேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மதியம் சாப்பிடவில்லை. "நான் பாக்கலடி. அது நேத்து பாத்தத இன்னிக்கு சொல்லிச்சி. நம்பிட்டேன்" என்றாள். பிறகு, "பிள்ளைச்சாவடி பெரியவரும் அப்பிடித்தான, இல்ல?" என்றாள். தயிர்சாதத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். தொடவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு தடவை என்னைக் கூட்டிப் போனாள். அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, கல்லறைக்குக் கல்லறை மெழுகுவத்தி. அவளுடைய தாத்தா கல்லறையில் அவளுடைய அத்தை மெழுகுவத்திகளை ஏற்றிவிட்டு, தனியாக இன்னொன்றை எடுத்து ஏற்றினார்.

"அது யாருக்கு அத்தே?"

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சின்னுவுக்குடி. எம்மா நாளாச்சி. உசுரோட இருந்தா ஒரு போனு பண்ணாமயா இருப்பான்? ஆத்துமா எங்க அலையுதோ, பாவம். ஒரு வெளிச்சம் காட்டுனா இன்னா தப்பு?"

"நீங்க பாத்தீங்களா?"

"இன்னாத்த?"

"அவன் செத்தத."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். இவள் குனிந்து, எரிகிற திரியை விரலாலேயே நசுக்கி அணைத்தாள். சுட்டிருக்கும், உதறக்கூட இல்லை. "பாக்காம ஏத்தாதீங்க" என்றாள், அவ்வளவுதான். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மா மட்டும் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார், புல் இல்லாத இடத்திலும்.

ஆபீஸில் அவளுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு புரோகிராமை ஒரு ஃபோல்டரில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், பழைய இடத்தை வெறுமனே விட மாட்டாள். அங்கே ஒரு லிங்க் போட்டுவிடுவாள். பழைய இடத்துக்குப் போய்க் கூப்பிடுகிறவர்களை அது புது இடத்துக்குக் கொண்டு போய்விடும். எல்லாரும் செய்வதுதான், ஆனால் இவள் அளவுக்கு யாரும் செய்வதில்லை. யாருமே கூப்பிடாத ஒன்றுக்கும் போடுவாள். "வூடு மாத்துனாகூட பழைய வூட்டு வாசல்ல ஒரு ஆள நிக்க வெப்ப போலக்குது" என்று கிண்டல் செய்தேன். என் வாய் அப்படி.

ரோட்டை அகலப்படுத்தினார்கள். அவள் வீடு போயிற்று. கெபியை மட்டும் யாரும் தொடவில்லை. தொட எவனுக்குத் தைரியம்? மங்கலம் பக்கம் உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஜேசிபி வந்த அன்றைக்கு அவள் அழவில்லை. மறுநாள் பெயிண்ட் டப்பாவோடு போய், கெபியின் பக்கச் சுவரில், ரோட்டில் நிற்கிறவன் கண்ணில் படுகிற உயரத்தில், 'சின்னு, இந்த நம்பருக்குக் கூப்பிடு' என்று பெரிதாக எழுதி, தன் நம்பரைப் போட்டாள். பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். மாதா கெபியில் இதெல்லாம் எழுதலாமா என்றார். "சாமி, வூடு இருந்த எடம் ரோடு. வேற எங்க எழுதறது?" என்றாள். அவர் விட்டுவிட்டார். ஆனால் திருவிழாவுக்கு முன்னால் வருஷா வருஷம் கெபிக்கு வெள்ளை அடிப்பார்கள், எழுத்து போய்விடும். வெள்ளை காய்ந்ததும் இவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். அவர்களும் சலிக்கவில்லை, இவளும் சலிக்கவில்லை.

அந்த நம்பருக்குக் கண்டவனும் கூப்பிட்டான். குடித்துவிட்டுக் கூப்பிட்டான், நான்தான் சின்னு என்று சொல்லிச் சிரித்தான். நம்பரை அழித்துத் தொலைடி என்று நான் கத்தியிருக்கிறேன். "பத்து பேரு பொய்யா கூப்புடலாம். அதுக்காவ அவன் கூப்புடும்போது இல்லாம பூடக் கூடாது" என்றாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ரெண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாள். லேபிள் ரோல் மாற்ற மறந்துவிடாதே என்றும் சொன்னாள். அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள் என்று ஆபீஸுக்குச் செய்தி வந்தது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மங்கலம் போனேன். நடுக்கூடத்தில் பெட்டியில் வைத்திருந்தார்கள். கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். கிட்டே போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தேன். அவள்தான்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளும் சொல்லாம பூட்டாளே" என்றார். அதற்கு முன்பே அப்பா தவறியிருந்தார். அம்மாவை அவருடைய தங்கை கூட்டிக்கொண்டு போனார். அவள் போன் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ரீசார்ஜ் செய்ய ஆள் இல்லாமல் அந்த நம்பரும் போயிற்று.

சில மாதம் கழித்து ஒரு காலையில் லேபிள் அடிக்கவில்லை. பேரைத் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்றது. விச் போட்டேன், பதிலே இல்லை. அந்த ஃபோல்டருக்குள்ளேயே போய் வரிசையாகப் பார்த்தேன். பேர் இருந்தது, சிவப்பில் இருந்தது. லிங்க் இருக்கிறது, அது காட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லை என்றால் மெஷின் அப்படித்தான் சிவப்பில் காட்டும். அவள் போட்ட லிங்க். அது காட்டியது அவளுடைய சொந்த ஃபோல்டரை. வேலையில் இல்லாதவர்களின் கணக்கை நீக்குகிறோம் என்று முந்தின நாள் அவள் கணக்கை நீக்கியிருந்தார்கள், ஃபோல்டரும் போய்விட்டது. பேக்கப்பில் இருந்து எடுத்து வைத்து லேபிளை ஓட்டிவிட்டேன், அது பெரிய வேலை இல்லை. அப்புறம்தான் கீபோர்டு மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். சூப்பர்வைசர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் கெபிக்குப் போனேன். திருவிழா வருகிறது என்று வெள்ளை அடித்து, சுவர் பளிச்சென்று இருந்தது. மறுநாள் பெயிண்ட் டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! 'சின்னு, இந்த நம்பருக்குக் கூப்பிடு' என்று அவள் எழுதின மாதிரியே எழுதி, கீழே என் நம்பரைப் போட்டேன். என் கையெழுத்து கோணல். சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, "அந்தப் பொண்ணு செத்துப் பூட்ச்சே, தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன்.

குடிகாரர்கள் எனக்கும் கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் வெள்ளைக்கு அப்புறம் நானும் எழுதினேன்.

இந்த வருஷம் கரும்பு வெட்டின சமயம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். வெட்டுகிற ஆட்களுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். புது நம்பரில் இருந்து போன் வந்தது.

"அக்கா."

சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தேன்.

"க்கா, நான்தான். வூட்டக் காணம்க்கா, எல்லாம் ரோடா கெடக்குது. கெபி கிட்டதான் நிக்கறன். நீ எழுதனத பாத்தேன்." லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது. "திட்டாதக்கா."

நான் உன் அக்கா இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அங்கயே நில்லு. தோ வந்துடறேன்" என்றேன்.

"சரிக்கா" என்றான். குரல் மாறியிருப்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

பாகூரில் இருந்து அந்த ஊர் வரைக்கும் எப்படிப் போனேன் என்று தெரியாது. எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் அமையவில்லை. கெபிக்குப் பக்கத்தில், அவள் வருஷா வருஷம் நின்ற அதே இடத்தில், தோளில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தான். போட்டோவில் பார்த்த பையன் இல்லை. காதோரம் நரைத்திருந்தது. கண் மட்டும் அவள் கண்.

பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், ரோட்டில் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னு" என்றேன்.

திரும்பினான். "நீங்க?"

"அது என் நம்பர்பா. போன்ல பேசனது நான்தான். உங்க அக்கா கூட வேல பாத்தவ."

"அக்கா வரலயா?"

சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, இருக்கிறபடி சொன்னேன். அவன் முகம் மாறவே இல்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சுவரில் என் கோணல் எழுத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெதுவாகக் கேட்டான்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்பா" என்றேன்.